தீர்ப்போடு வழக்கு முடிவதில்லை

விருத்தாசலம் பக்கத்திலுள்ள புதுக்கூரைப்பேட்டையில் 2003 ஜூலை 8-ம் தேதி கண்ணகியும் முருகேசனும் நஞ்சு ஊற்றிக் கொல்லப்பட்டனர். இருவரும் பட்டதாரிகள். அவர்கள் திருமணம் செய்துகொண்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. உள்ளூர் போலீஸார் முருகேசன் வீட்டாரையே குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். வழக்கறிஞர் பொ.இரத்தினம் போன்றோர் விடாமல் நின்றதால்தான் வழக்கு சிபிஐ கைக்குப் போனது.

2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும், 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. 12 பேரில் இருவர் காவல் அதிகாரிகள். அன்று சேரிகளில் இனிப்பு கொடுத்தவர்களில் எத்தனை பேர் அடுத்த ஆண்டுத் தீர்ப்பைப் படித்திருப்போம்? 2022 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது, இருவரை விடுவித்தது, ஒரு காவல் அதிகாரியின் தண்டனையைக் குறைத்தது. மற்றவர்களின் ஆயுள் தண்டனை நின்றது. 2025 ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்து, முருகேசனின் பெற்றோருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் தரச் சொன்னது.

தூக்கு போனதில் நமக்கு வருத்தமில்லை. மரண தண்டனையையே ஒழிக்கலாம் என்று 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். நம் கவலை வேறு. கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் 1970-ல் பண்ணையாருக்குக் கிடைத்த தண்டனை, 1973-ல் மேல்முறையீட்டில் மொத்தமாக இல்லாமல் போனது. கீழே ஜெயித்தோம் என்று நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். எதிர்த்தரப்பு நல்ல வக்கீலை வைத்துக்கொண்டு மேலே போகிறது.

முன்பு பாதிக்கப்பட்டவருக்கு அங்கே குரலே கிடையாது. இப்போது இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவுப்படி ஜாமீன், பரோல், தண்டனை எதைப் பற்றிய விசாரணை என்றாலும் பாதிக்கப்பட்டவருக்குத் தகவல் தர வேண்டும். அவர் பேச்சையும் கேட்க வேண்டும். குற்றவாளி விடுவிக்கப்பட்டால் நாமே உயர் நீதிமன்றம் போகலாம். 14ஏ பிரிவின்படி அதற்குக் கெடு 90 நாள். மேல்முறையீட்டை ஏற்ற நாளிலிருந்து கூடுமானவரை 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எத்தனை வழக்கு அப்படி முடிகிறது என்பதை வக்கீல்களிடம்தான் கேட்க வேண்டும்!

சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் ஊரில் இப்படியொரு வழக்கு இருந்தால் முதலில் தீர்ப்பு நகலை வாங்கி, அந்தக் குடும்பத்துக்குப் படித்துக்காட்டட்டும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். பட்டியல் சாதியினருக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.