காரைக்கால் காற்றில் கரித்துகள்: பனிக்காலத்தில் மட்டும் புகை ஏன் தரையிலேயே நிற்கிறது?

மார்கழி, தை மாதக் காலை. திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் வண்டியில் போனால் பனியோடு புகையும் கலந்து நிற்கும். "கடலோர ஊர்தானே, காத்து சுத்தமாத்தான் இருக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா மாதத்துக்கும் அது பொருந்தாது.

கரித்துகள் என்றால் என்ன?

விறகு, வறட்டி, டீசல், குப்பை எதுவானாலும் சரியாக எரியாமல் புகையும்போது வருவதுதான் கரித்துகள். அடுப்படிச் சுவரில் படியும் கரி இதுவே. பெரும்பாலும் ஒரு மைக்ரானை விடச் சிறியது என்பதால் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும்.

துறைமுக நிலக்கரித் தூசியும் இதுவும் ஒன்றா?

இல்லை. நிலக்கரியை இறக்கும்போது பறப்பது எரியாத தூசி. அதன் பெரிய துகள்கள் அக்கம்பக்கத்திலேயே படிந்துவிடும். தண்ணீர் தெளித்தால், மூடி வைத்தால் குறையும். கரித்துகளைக் குறைக்க, எரிப்பதைத்தான் குறைக்க வேண்டும்.

சீசனுக்கு சீசன் ஏன் மாறுகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழை துகள்களைக் கழுவி இறக்கிவிடும். மழை ஓய்ந்ததும் இரவில் தரை குளிரும். கீழே குளிர்காற்று, மேலே அதைவிடச் சூடான காற்று. மூடி போட்ட பானை மாதிரி புகை உள்ளேயே சுற்றும். வெயில் ஏறிய பிறகுதான் கலையும். சித்திரை, வைகாசியில் தரை நன்றாகச் சூடாவதால் புகை உயரம் வரை போய்க் கலந்துவிடும்.

திருவனந்தபுரம் கடலோரத்தில் இஸ்ரோ விஞ்ஞானிகள் எடுத்த அளவீடுகளிலும் கரித்துகள் குளிர்காலத்தில் அதிகம், தென்மேற்குப் பருவமழையில் குறைவு.

புகை எல்லாம் நம்ம ஊருடையதா?

முழுக்க இல்லை. பனிக்காலத்தில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். தெற்காசியாவின் புகை அந்தக் காற்றோடு கடல் தாண்டிப் பரவுவதை 1999-ல் நடந்த இந்தோயெக்ஸ் ஆய்வு காட்டியது.

வயல் எரிப்புதான் காரணமா?

பஞ்சாப் நிலைமை வேறு. டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயலில் உளுந்து, பயறு தெளிப்பது வழக்கம். தீ வைத்தால் முளைத்த பயிரும் போய்விடும். வைக்கோலும் மாட்டுக்கு வேண்டும். அதனால் இங்கே முதலில் கவனிக்க வேண்டியது விறகடுப்பு, தெருவோரக் குப்பை எரிப்பு, போகித் தீ, டீசல் புகை.

யாருக்கு ஆபத்து?

அதிகம் பாதிக்கப்படுவது, காற்று வராத அடுப்படியில் சமைக்கும் பெண்களும் பக்கத்தில் இருக்கும் குழந்தைகளும். இந்தியாவில் கரித்துகளுக்கெனத் தனி வரம்பு இல்லை. பிஎம் 2.5 கணக்கிலேயே அது சேர்கிறது. அதற்கான ஆண்டு சராசரி வரம்பு இங்கே 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு சொல்வது 5.

என்ன செய்யலாம்?

போகியன்று டயர், பிளாஸ்டிக் வேண்டாம். பனி விலகாத காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் குப்பையைக் கொளுத்த வேண்டாம். மக்க வைப்பதே நல்லது. சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கு விறகு வைக்கும் வீடுகளில், அந்த அடுப்பையாவது வெளியே வைக்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். கரித்துகளின் ஆயுள் சில நாள், அதிகம் போனால் சில வாரம். இன்றைக்கு எரிப்பதைக் குறைத்தால், அதன் பலன் இந்தப் பனிக்காலத்திலேயே தெரியும்.