கனமும் ஸ்திரமும்

கால்பந்து மைதானத்தின் இரு கோடிகளிலும் நிற்கும் கோல் கம்பங்களை, பந்து உள்ளே போயிற்றா இல்லையா என்று தீர்மானிப்பதற்கு ஏற்பட்ட ஓர் எல்லைக்குறி என்றுதான் ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் கருதுகிறார்களேயொழிய, ஆள் உயரத்துக்கு மேலே தூக்கி நிறுத்தப்பட்ட ஒரு பெரும் பாரம் என்று கருதுவதில்லை. ஆட்ட விதிகளின்படி கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர் அகலமும், தரைக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் இடையே 2.44 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும். குழி தோண்டி ஊன்றிய கம்பமானால் கவலைக்கு அதிக இடமில்லை. ஆனால் ஒரே மைதானத்தைப் பல ஆட்டங்களுக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய நிலையிலும், கோல் வாயருகே புல் தேய்ந்து சேறாகிவிடாதபடி களத்தை அவ்வப்போது நகர்த்த வேண்டிய அவசியத்திலும், சிறுவர்களுக்கென்று சிறிய களங்களைத் தனியே வகுக்க வேண்டிய தேவையிலும், பள்ளிகளும் ஆட்டக் கழகங்களும் இடம் மாற்றக்கூடிய கோல் கம்பங்களையே விரும்புகின்றன. முன்னால் இரண்டு கம்பங்கள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், தரையோடு பின்னோக்கிச் செல்லும் பக்கச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் ஒரு பின்சட்டம், இவற்றின்மேல் விரித்த வலை, இவ்வளவுதான் அதன் அமைப்பு. நாலு பேர் கைகொடுத்தால் நகர்ந்துவிடும் என்பது அதன் சௌகரியம். நகரக்கூடியது எதுவும் சாயவும் கூடும் என்பதுதான் அதன் அபாயம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1995 ஜனவரியில் இந்த விஷயம் குறித்து வழிகாட்டும் ஏடு ஒன்றை வெளியிட்டது. 1979 முதல் 1994 வரையில் இத்தகைய கோல் கம்பங்கள் விழுந்ததனால் குறைந்தபட்சம் 21 பேர் மாண்டிருக்கிறார்கள் என்றும், அவர்களில் நால்வர் 1990ஆம் ஆண்டு ஒன்றிலேயே மாண்டவர்கள் என்றும், 1989 முதல் 1993 வரை ஆண்டுதோறும் ஏறக்குறைய 120 பேர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள் என்றும் அந்த ஏடு கணக்குச் சொல்கிறது. கோடிக்கணக்கானோர் விளையாடும் ஒரு தேசத்தில் இந்தத் தொகை அற்பம் என்று யாரேனும் வாதிக்கலாம். ஆனால் ஒரு பத்து நிமிஷ வேலையால் தடுத்திருக்கக்கூடிய மரணங்களை மற்ற மரணங்களோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகாது.

அந்த ஏட்டில் விவரிக்கப்பட்ட சம்பவங்களைக் கூர்ந்து வாசிக்கும்போது ஒரு விசேஷம் புலப்படுகிறது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கம்பத்தின்மேல் ஏறுகையில் அது சாய்ந்து அவன் தலையில் விழுந்தது. இருபது வயது இளைஞன் ஒருவன் குறுக்குச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கித் தேகப்பயிற்சி செய்ய முயன்றபோது அதைத் தன்மேலேயே இழுத்துக்கொண்டு உயிரிழந்தான். தந்தை ஒருவர் வலையை இறுக்கிக் கட்டுவதற்காகப் பின்சட்டத்தைச் சற்றே தூக்க, முன்பக்கமாகக் கவிழ்ந்த கம்பம் அங்கே நின்ற அவருடைய மூன்று வயதுக் குழந்தையின் உயிரைக் குடித்தது. ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று, வேகமாக வீசிய காற்று தள்ளிய கம்பத்துக்குப் பலியாயிற்று. இவற்றில் ஒன்றேனும் ஆட்டத்தின் உக்கிரத்தால், பந்து மோதிய வேகத்தால் நேர்ந்ததல்ல. ஆட்டம் தொடங்குமுன், முடிந்தபின், அல்லது ஆட்டமே இல்லாத பொழுதில், நடுவரும் பயிற்சியாளரும் கவனிக்காத நேரத்தில்தான் பெரும்பாலும் இந்த விபரீதம் விளைகிறது.

இத்தனை கனமான பொருள் ஒரு குழந்தையின் இழுப்புக்கு எப்படிச் சாய்கிறது என்ற கேள்வி இயல்பானது. கனத்தையும் ஸ்திரத்தையும் ஒன்றென்று நம்பும் மனோபாவமே இங்கே முதல் சத்துரு. அமெரிக்க ஆணையத்தின் ஏட்டின்படி, உலோகத்தாலான இத்தகைய கம்பங்கள் பெரும்பாலும் 70 கிலோ முதல் 225 கிலோ வரை எடையுள்ளவை. அந்த எடையில் பெரும்பகுதி முன்பக்கத்திலும் உயரத்திலுமே குவிந்திருக்கிறது. கம்பம் முன்னோக்கிச் சாயும்போது அதன் முன் விளிம்பையே அச்சாகக்கொண்டு திரும்புகிறது. ஆகையால் அதைத் தடுத்து நிறுத்துவது எடை மட்டுமன்று, அந்த எடையின் மையம் முன் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் பின்னால் இருக்கிறது என்பதுமாகும். பழைய கடைகளில் தொங்கிய வெள்ளிக்கோலில் ஒரே குண்டு தள்ளித் தள்ளி வைக்க அதிகப் பாரத்தைத் தாங்கிற்றல்லவா, அதே நியாயந்தான். கணக்குக்காக, 90 கிலோ எடையுள்ள ஒரு கம்பத்தின் பாரமையம் முன் விளிம்பிலிருந்து 40 சென்டிமீட்டர் மட்டும் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குறுக்குச் சட்டத்தின் உயரத்தில் அதை முன்னோக்கி இழுத்துச் சாய்க்க 15 கிலோவுக்கும் சற்றுக் குறைவான பலமே போதும். மேலும், ஒருமுறை சாயத் தொடங்கிவிட்டால் பாரமையம் முன் விளிம்பை நெருங்க நெருங்க எதிர்ப்புக் குறைந்துகொண்டே வருமாதலால், பிடித்தவன் கையை விட்டு ஓடுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. சட்டத்தில் அசையாமல் நேராகத் தொங்குபவனுடைய எடை கம்பங்களின் வழியே தரைக்கு இறங்கிவிடும். ஊஞ்சலாடத் தொடங்கினால்தான் அது முன்னிழுப்பாக மாறுகிறது. எந்தச் சிறுவன் அசையாமல் தொங்குவான்?

ஆணையம் ஆராய்ந்த விபத்துகளில் சம்பந்தப்பட்ட கம்பங்கள் ஏறக்குறைய எல்லாமே தொழிற்சாலையில் முறைப்படி தயாரானவை அல்ல. பள்ளித் தொழிற்கூடத்து மாணவர்களும், பராமரிப்பு ஊழியர்களும், உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர்களும் கைவசமிருந்த குழாய்களைக்கொண்டு செய்தவை. சிக்கனத்தாலும் நல்லெண்ணத்தாலும் செய்யப்பட்ட அந்த வேலையை இகழ்வதற்கில்லை. உறுதியாக இருக்கவேண்டும் என்று முன்கம்பங்களுக்குத் தடித்த குழாயையும், பார்வைக்கு முக்கியமில்லை என்று பின்சட்டத்துக்கு மெல்லிய குழாயையும் உபயோகித்தால், செய்தவர் அறியாமலே தலைகனத்த ஒரு பொறியைச் செய்துவிடுகிறார். இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் வீட்டில் செய்த கோல் கம்பங்களை உபயோகிக்கவே கூடாது என்று சொல்வது கடுமையாகத் தோன்றினாலும், காரணம் இதுதான்.

பரிகாரம் என்னவோ எளியது: கம்பத்தைப் பின்புறத்தில் பூமியோடு பிணைத்துவிட வேண்டும். மண்ணுக்குள் திருகி இறக்கும் நங்கூரங்கள், சுத்தியால் அடித்து இறக்கும் நீண்ட முளைகள், நிரந்தரமாகப் புதைத்த ஓர் அடித்தளத்தில் பூட்டும் சங்கிலிகள் என்று பல வகை உண்டு. எது பொருந்தும் என்பதை மண்ணே தீர்மானிக்கிறது. இறுகிய களிமண்ணில் பிடித்து நிற்கும் முளை, மழையில் ஊறிய மணலில் கையோடு வந்துவிடும். வலையைத் தரையோடு பிடிக்கும் சிறு கொக்கிகளை நங்கூரமென்று எண்ணிவிடக் கூடாது. அவை வலைக்கு மட்டுமே. முளை இறங்காத சிமெண்டுத் தளங்களிலும் உள்ளரங்குகளிலும் மணல் மூட்டைகளோ வார்ப்பு எடைகளோ வைக்கலாம். ஆனால் அவற்றைப் பின்சட்டத்தின்மேல் வைக்க வேண்டும் என்பதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். மேலே சொன்ன கம்பத்தின் பின்சட்டம் 1.8 மீட்டர் பின்னால் இருந்து, அதில் 40 கிலோ மணலை வைத்தால், சாய்ப்பதற்கு வேண்டிய இழுப்பு சுமார் 44 கிலோவாக உயர்கிறது. அதே மணலை முன்கம்பத்தின் காலடியில் வைத்தால் ஒரு பிரயோஜனமுமில்லை. இரண்டு மூட்டைகளோடு திருப்தியடைந்துவிடவும் கூடாது. முழு அளவுக் கோல் கம்பங்களுக்கு ஐரோப்பியத் தரவிதி 1100 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 112 கிலோ பலமுள்ள கிடையிழுப்பைத் தாங்கவேண்டும் என்கிறது. நம் உதாரணக் கம்பம் அதில் தேற, பின்னால் 130 கிலோவுக்குச் சற்று அதிகமான பாரம் வேண்டியிருக்கும். அலுமினியத்தால் செய்த இலேசான கம்பங்கள் தூக்க எளியவை என்பது உண்மையே. அவற்றுக்கு நங்கூரத்தின் தேவை அதிகமேயன்றிக் குறைவல்ல.

ஆட்ட விதிகளின் முதலாவது விதியே கோல் கம்பங்கள், இடம் மாற்றக்கூடியவை உட்பட, தரையில் உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஆயினும் அந்த விதி ஆட்ட நேரத்துக்குத்தான் காவல். மிச்ச நேரத்துக்குச் சட்டம் வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 2003இல் ஆறு வயதுப் பையன் ஒருவன் இவ்விதம் இறந்ததன் பின்னர், 2011இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கோல் கம்பங்களை உடைய அமைப்புகள் பாதுகாப்பு முறை ஒன்றை வகுத்து நடக்க வேண்டும் என்றும், எளிதில் சாயாத வகையையே விற்கவும் வாங்கவும் வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஜப்பானில் புகுஓகா மாநிலத்து ஓகாவா நகரத் தொடக்கப் பள்ளியில் 2017இல், நாலாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தரையோடு பிணைக்கப்படாத கைப்பந்துக் கோலின் வலைக்கயிற்றில் தொங்கியபோது அது கவிழ்ந்ததில் மாண்டான். கைப்பந்துக் கோல் கால்பந்துக் கோலைவிடச் சிறியது. அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். அதுவே போதுமாயிருந்தது. நகர நிர்வாகம் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று 2022இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆட்டமில்லாத நேரத்தில் செய்யவேண்டியவை அதிகமில்லை. இரண்டு கோல்களையும் முகத்தோடு முகம் சேர்த்து வைத்து, கம்பங்களைச் சங்கிலியால் பூட்டிவிடலாம். ஒன்று மட்டும் இருந்தால் நிலையான வேலியோடு பூட்டலாம். பருவம் முடிந்தால் கழற்றிப் பிரித்து அறையில் வைக்கலாம். வலையைக் கழற்றிவிடுவது இன்னும் நல்லது, வலையில்லாத சட்டத்தில் ஏறத் தோன்றும் சபலம் சிறுவர்களுக்குக் குறைவு. காற்றுக்கும் பிடிப்பு குறைவு. நகர்த்துகிற வேலையைப் பழகிய பெரியவர்களே, போதிய ஆள்பலத்தோடு, சமதரையில் செய்ய வேண்டும். பின்சட்டத்தைத் தூக்குமுன் முன்பக்கத்தில் குழந்தைகள் யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்னும் நங்கூரங்களையும் திருகாணிகளையும் சோதிக்கும் பொறுப்பை இன்னாருக்கு என்று பெயர் சொல்லி ஒப்படைப்பது நலம். பொதுவாக எல்லோருக்கும் என்று விட்டால், பயிற்சியாளர் மைதானக் காவலரையும், காவலர் பயிற்சியாளரையும் நம்பியிருக்க, சாவி மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும்.