எழுபது வளைவுகளைத் தாங்கும் பை

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலைக்கு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இப்பாதையில் சென்று வருவோர் அனைவரும் விடுமுறைக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். மலைமீதுள்ள பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிவோர், மிளகும் காப்பியும் கொள்முதல் செய்யும் வணிகர், சமவெளிக் கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் மலைவாழ் மாணவர், அறப்பளீசுவரர் கோயிலுக்கு வரும் அடியார் எனப் பலதரப்பட்டோரும் அடிக்கடி ஏறி இறங்குகின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை பரணிலிருந்து இறக்கும் பெட்டி இவர்களுக்குப் பயன்படாது. வாரந்தோறும் இழுபட்டும் நனைந்தும் மிதிபட்டும், பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய, அதே வேளையில் மாதச் சம்பளத்தைப் பெரிதும் கரைத்துவிடாத ஒரு பையே இவர்களுக்குத் தேவை. அத்தகைய பையைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் கடையின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பாகத் தாம் செல்லும் வழியை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் நெடுங்காலம் பயணத்துக்கு உதவியது தகரத்தாலான டிரங்குப் பெட்டியே ஆகும். அது கனமானது என்றாலும், நசுங்கினால் தட்டி நிமிர்த்தவும், கீல் விட்டுப்போனால் உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைக்கவும் இடம் தந்தது. 1970களில் வி.ஐ.பி. போன்ற இந்திய நிறுவனங்களின் வார்ப்புப் பிளாஸ்டிக் சூட்கேஸ்கள் பரவியபோது எடை குறைந்தது. ஆனால் உடைந்ததை ஊரிலேயே சரிசெய்யும் வசதியும் அதனுடன் குறைந்தது. பெட்டிக்குச் சக்கரம் வந்த வரலாறு இன்னும் அண்மைக் காலத்தது. அமெரிக்கரான பெர்னார்ட் சாடோ சக்கரம் பொருத்திய சூட்கேசுக்கு 1972இல் காப்புரிமை பெற்றார். அது வாரைப் பிடித்துக் கிடைநிலையில் இழுத்துச் செல்லும் பெட்டி. இன்று எங்கும் காணப்படும், நிமிர்ந்து நிற்கும், நீளும் கைப்பிடியுடைய இருசக்கரப் பெட்டியை 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி உருவாக்கினார். ஆக, சக்கரப் பெட்டி விமான நிலையத்தின் வழவழப்பான நீண்ட தரைக்காக உருவான பொருள் என்பதை வாங்குவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அந்தத் தரையை விட்டு மலைப்பேருந்துக்குள் வந்தவுடன் சக்கரத்தின் குணம் மாறிவிடுகிறது. கடைகளில் ஸ்பின்னர் என்று விற்கப்படும் நான்கு சக்கரப் பெட்டியின் சக்கரங்கள் ஒவ்வொன்றும் எத்திசையிலும் தடையின்றிச் சுழல்பவை. பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது, ஓடிக்கொண்டிருந்த திசையிலேயே தொடர்ந்து செல்ல முயலும் இயல்பினால், இடைவழியில் நிறுத்திய பெட்டி ஒருபுறம் உருண்டோடுகிறது. அடுத்த வளைவில் மறுபுறம் ஓடி, யாருடைய காலிலாவது மோதுகிறது. இருசக்கரப் பெட்டியின் அடிப்பகுதியில் இரண்டு நிலையான கால்கள் இருப்பதால் அது ஓரளவு நின்ற இடத்தில் நிற்கும். மேலும், நான்கு சக்கரப் பெட்டியின் சக்கரங்கள் சிறியனவாகவும் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டும் இருப்பதால் சல்லிக்கற்களில் சிக்குகின்றன. படியில் இடித்தால் அடியோடு பெயர்ந்து விடுகின்றன. அறப்பளீசுவரர் கோயில் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் எந்தச் சக்கரமும் வெறும் சுமைதான். எனவே மலைப்பயணமே மிகுதியாக உடையோருக்கு நான்கு சக்கரப் பெட்டி உகந்ததன்று என்று துணிந்து கூறலாம். இரு தோள்களிலும் மாட்டத்தக்க, சுமார் 40 லிட்டர் கொள்ளளவுள்ள துணிப்பையே அவர்களுக்கு முதல் தேர்வாக அமையும். ரயிலிலும் விமானத்திலும் சம அளவு பயணிப்போர், உடலுக்குள் பாதி பதிந்த பெரிய சக்கரங்கள் கொண்ட இருசக்கரப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தாலும், பை எங்கே பழுதாகிறது என்பதை அறிந்துகொண்டால் எதைச் சோதித்து வாங்குவது என்பது தானே விளங்கும். பேருந்து நிலையங்களின் ஓரத்தில் அமர்ந்து செருப்பும் பையும் தைக்கும் தொழிலாளர்களிடம் வந்து சேரும் பைகளைப் பார்த்தால், துணியின் நடுவே கிழிந்தவை குறைவு என்பதும், ஜிப் பிரிந்தவை, தோள்வார் தையல் விட்டவை, கைப்பிடி பிய்ந்தவை ஆகியவையே மிகுதி என்பதும் தெரியவரும். ஒரு பொருளை மற்றொரு பொருளுடன் இணைக்கும் இடமே பையின் வலுக்குறைந்த இடம். விளம்பரங்கள் துணி, பெட்டியின் மேலோடு ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. வாங்குவோர் பார்க்க வேண்டியவை இணைப்புகள்.

அவற்றுள் முதன்மையானது ஜிப். ஜிப்பின் பற்கள் கோத்த நிலையில் அவற்றின் அகலம் ஏறத்தாழ எத்தனை மில்லிமீட்டரோ அதுவே அதன் எண்ணாக வழங்கப்படுகிறது. ரன்னர் எனப்படும் இழுப்பானின் பின்புறத்தில் அந்த எண் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும். வெளிப்புறச் சிறு அறைகளுக்கு 5ஆம் எண் போதும். துணிமணிகளை அடைத்து இழுத்து மூடவேண்டிய முதன்மை அறைக்கு 8 அல்லது 10ஆம் எண் இருப்பது நலம். நைலான் இழையைச் சுருளாகச் சுற்றித் தைத்த ஜிப் வளைவான திறப்புகளில் எளிதாக ஓடும். இடையில் பிரிந்தாலும், ரன்னரைப் பின்னுக்கு இழுத்து மீண்டும் முன்னே கொண்டுவந்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். தனித்தனிப் பல்லாக வார்த்த ஜிப்பில் ஒரு பல் விழுந்தால் அந்த இடம் நிரந்தர ஓட்டையாகிறது. ஜிப் மூடியபின் ரன்னருக்குப் பின்னாலேயே வாய் பிளந்துகொண்டு வருவது பலரும் கண்ட பழுது. அப்போது முழு ஜிப்பும் கெட்டதாக எண்ணிப் பையையே எறிந்துவிடுவோர் உண்டு. உண்மையில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் ரன்னர் மட்டுமே. புழுதியும் மணலும் அதன் உட்புறத்தை அராவி இடைவெளியை அகலமாக்கிவிடுவதால் அது பற்களை அழுத்திக் கோக்க இயலாமல் போகிறது. ரன்னரின் இரு பக்கங்களையும் குறடால் மெல்ல, ஒருபோல அழுத்தினால் சிறிது காலம் அது மீண்டும் உழைக்கும். பின்னர் புதிய ரன்னர் ஒன்றை மாற்றினால் போதும். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. பழைய பல் துலக்கியால் பற்களைத் துடைத்து, மெழுகுவத்தியை அவற்றின்மேல் லேசாகத் தேய்த்து வைப்பது இந்தத் தேய்மானத்தைத் தள்ளிப்போடும்.

அடுத்து, தோள்வார் பையுடன் சேரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். வாரின் முனை துணிக்குள் நன்கு நுழைந்து, நாற்கரமாகவும் அதற்குள் பெருக்கல் குறியாகவும் தைக்கப்பட்டிருந்தால் சுமை நான்கு திசையிலும் பகிர்ந்துகொள்ளப்படும். ஒரே கோடாகத் தைத்த வார் அந்தக் கோட்டிலேயே துணியைக் கிழித்துக்கொண்டு வரும். பையைக் கடையிலேயே உட்புறமாகத் திருப்பிப் பார்க்கத் தயங்கவேண்டியதில்லை. துணியின் வெட்டுவிளிம்பு ஓரப்பட்டையால் மூடப்படாமல் நூல் நூலாகப் பிரிந்து நின்றால் அந்தப் பை நெடுநாள் நில்லாது. தையல் நூல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்க வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகும்.

துணியைப் பொறுத்தவரை, விலைச்சீட்டில் காணப்படும் டெனியர் என்ற அளவு 9000 மீட்டர் நீளமுள்ள இழை எத்தனை கிராம் எடையுடையது என்பதைக் குறிக்கிறது. 600 டெனியர் பாலியெஸ்டர் நடுத்தர விலைப் பைகளில் பரவலாகக் காணப்படுவது. வழக்கமான பயணத்துக்கு அது போதுமானது. ஒரே டெனியரில் நைலான் உராய்வை நன்றாகத் தாங்கும். பாலியெஸ்டர் வெயிலை நன்றாகத் தாங்கும். ஆகவே எண் பெரிதாக இருப்பதால் மட்டும் ஒரு துணி மேலானதாகிவிடாது. துணியைவிட அதன் உட்பூச்சு இங்கு மிகுந்த கவனத்துக்குரியது. நீர் புகாதிருக்கப் பூசப்படும் பாலியூரித்தேன், காற்றிலுள்ள ஈரத்துடன் வினைபுரிந்து மெல்லச் சிதைகிறது. இதனை வேதியியலில் நீராற்பகுப்பு என்பர். மூடுபனியும் சாரலும் நிறைந்த மலையில் பயன்படுத்தி, ஈரம் உலராமலே சுருட்டிப் பரணில் அடைத்த பை, அடுத்த முறை எடுக்கும்போது உள்ளே பிசுபிசுத்து, செதில் செதிலாக உதிர்வதற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் ஜிப்பை முழுதும் திறந்து, நிழலில் காற்றாட உலரவிட்டால் பூச்சின் ஆயுள் நீளும்.

கெட்டி ஓடுடைய பெட்டியை விரும்புவோர் மூன்று பிளாஸ்டிக்குகளை வேறுபடுத்தி அறிய வேண்டும். ஏ.பி.எஸ். மலிவானது, பளபளப்பானது, ஆனால் விறைப்பானதாகையால் ஓங்கி விழுந்தால் கீறல் விட்டுப் பிளக்கும். பாலிகார்பனேட் வளைந்து கொடுத்து மீளும், விலை கூடுதல். பாலிபுரோப்பிலீன் எடை குறைந்தது, நெகிழ்வானது, பல வேளைகளில் பாலிகார்பனேட்டைவிட மலிவானது. அடிக்கடி பயணம் செய்து, செலவையும் எண்ணிப் பார்ப்போருக்கு இதுவே நடுவழி. மூடியின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே நிமிர வேண்டும். சிறிதும் அசையாத ஓடு உறுதியானது என்று கருதுவது தவறு. சக்கரங்கள் ரிவெட்டால் அறையப்பட்டிருக்கின்றனவா, திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதையும் உட்புற விரிப்பை நீக்கிப் பார்க்கலாம். திருகாணி இருந்தால் சக்கரத்தை மட்டும் மாற்றிக்கொள்ள முடியும்.

எடையும் அளவும் மற்றொரு வரையறை. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பெரும்பாலும் 7 கிலோவும், 55 × 35 × 25 சென்டிமீட்டரும் எல்லையாக உள்ளன. சக்கரமும் கைப்பிடியும் உடைய சிறு பெட்டியே மூன்று கிலோ அளவுக்கு இருந்தால், பயணியின் உடைமைக்கு மிஞ்சுவது நான்கு கிலோதான். ஒரு கிலோ சொச்சம் எடையுள்ள தோள்பையில் அந்த இழப்பு இல்லை. ரயிலில் நிலைமை தாராளமானது. படுக்கை வசதி வகுப்பில் 40 கிலோவும் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும் கட்டணமின்றி எடுத்துச்செல்ல இடமுண்டு. கொல்லிமலைப் பேருந்திலோ, குறிப்பாக ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வில் ஓரி விழா நடைபெறும் நாட்களில், எடையைவிட இடமே பெரிய சிக்கல். அப்போது இருக்கைக்கு அடியில் நசுங்கி நுழையும் மென்மையான பையே உதவும்.

விலை குறித்துத் தெளிவான கணக்கு தேவை. அச்சிட்ட விலையில் பாதிக்கும் கீழாகத் தருவதாக அறிவிப்பது பைத்தொழிலில் வழக்கமாகிவிட்டதால், தள்ளுபடி விழுக்காடு தரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை. பொருள் உழைக்கும் ஆண்டுகளால் செலவை வகுத்துப் பார்ப்பதே முறையானது. 900 ரூபாய்ப் பை ஓராண்டில் பழுதாகிறது என்றும், 3000 ரூபாய்ப் பை இடையில் 300 ரூபாய் செலவில் ஜிப் மாற்றப்பெற்று எட்டு ஆண்டுகள் உழைக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், பின்னதன் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 410 ரூபாய். முன்னதன் செலவில் பாதியும் ஆகவில்லை. நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் பொதுவாக உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டுமே பொருந்தும். சக்கரத் தேய்மானம் அதில் அடங்குவது அரிது என்பதால், அட்டையில் உள்ள சிறிய எழுத்துகளைப் பணம் கொடுப்பதற்கு முன்பே படித்துவிட வேண்டும்.

இக்கணக்கு முழுவதும் பழுதுபார்ப்போர் அருகில் இருப்பதைச் சார்ந்தது. இவ்வகையில் நாமக்கல் வட்டாரத்தார்க்கு ஒரு வாய்ப்பு உண்டு. லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் நாமக்கல். லாரிகளுக்குத் தார்ப்பாயும் சீட் கவரும் தைப்போரிடம் தடித்த ஊசியும் வலுவான நூலும் கனமான தையல் எந்திரமும் இருக்கும். வீட்டுத் தையல் எந்திரம் துளைக்க இயலாத, நான்கு மடிப்பாகச் சேரும் தோள்வார் அடியையும் அவர்களால் தைத்துவிட முடியும். சிறு வேலையாக இருப்பினும் அக்கைகளின் திறனுக்கு உரிய கூலியைக் கொடுத்துத் தைத்துக்கொள்வது, புதிய பை வாங்குவதைவிட எல்லா வகையிலும் சிறந்தது. இத்தகைய பழுதுபார்ப்புக்கு இடம் தராதவாறு ஒட்டியும் வார்த்தும் முடிக்கப்பட்ட பைகள், எத்துணை அழகாக இருப்பினும், அடிக்கடி பயணிப்போர் தவிர்க்கத் தக்கவை.

மலையிலிருந்து திரும்புவோரின் பை, ஏறும்போது இருந்ததைவிடக் கனமாகவே இறங்குகிறது. மிளகு, காப்பித்தூள், தேன், அன்னாசி, பருவத்தில் பலாப்பழம் என வாங்கியவற்றைத் துணிமணிகளுடன் சேர்த்துத் திணிப்பதே பல ஜிப்புகள் பிரியக் காரணம். மடித்து வைத்தால் கையளவே இடம்பிடிக்கும் துணிப்பை ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் சென்றால் இது தீரும். பலாப்பால் உட்புறத் துணியில் பட்டுவிட்டால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது பயன் தராது. சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டு முதலில் பிசினைக் கரைத்துத் துடைத்து, அதன்பின் சோப்பு நீரால் எண்ணெய்ப் பசையைப் போக்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தப் பையின் தையல் துளைகளும் ஜிப்பும் நீரை முழுதாகத் தடுக்கமாட்டா என்பதால், பைக்கு மேலே உறை போடுவதுடன், உள்ளேயும் மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க தடித்த நீர்புகா உறை ஒன்றில் துணிகளையும் சான்றிதழ் போன்ற தாள்களையும் வைத்துக் கட்டிக்கொள்வது பாதுகாப்பானது.