முன்சக்கரத்தில் சத்தமா? ஜீப்பின் பேரிங்கைக் கவனிப்போம்!



மலையிலும் மலையடிவாரத்திலும் உள்ள ஊர்களில் காய்கறிச் சிப்பத்தை இறக்கவும், பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகவும் ஜீப்தான் கை கொடுக்கிறது. குழுக் கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால், அது ஓடினால்தான் தவணை கட்ட முடியும். வண்டி ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் ஆம்பளைங்க வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ரிப்பேர் பில் குழுக் கூட்டத்துக்குத்தானே வருகிறது? அந்த வண்டியில் போவதும் நம்ம பிள்ளைகள்தானே? அதனால் இந்த இதழில் முன்சக்கர பேரிங் பற்றித் தெரிந்துகொள்வோம்.

பேரிங் என்றால் என்ன?

பெரிய கல்லைத் தரையில் இழுத்தால் நகராது. அடியில் உருட்டுக் கட்டைகளைப் போட்டால் சுலபமாக நகரும். பேரிங்கும் அப்படித்தான். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவே வரிசையாக இரும்பு உருளைகள். உள் வளையத்தைக் 'கோன்' என்றும், வெளி வளையத்தைக் 'கப்' என்றும் மெக்கானிக்குகள் சொல்வார்கள்.

நம் ஊர்களில் ஓடும் பழைய மகிந்திரா ஜீப்புகளில், முன்பக்கம் ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் இரண்டு பேரிங் இருக்கும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. கிரீஸ் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் ஒரு சீல் தடுக்கும். ஓடையில் வண்டியை இறக்கி இறக்கி ஓட்டினால், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரும் மண்ணும் புகுந்துவிடும். கிரீஸ் கெட்டுப்போகும். எண்ணெய் விடாத கிணற்று ராட்டினம் போல உருளைகள் அரைபட ஆரம்பிக்கும்.

தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

1. வண்டி ஓடும்போது 'ஊங்' என்று சத்தம் வரும். வேகம் கூடினால் சத்தமும் கூடும். இடப்பக்கம் திருப்பும்போது சத்தம் அதிகமானால் பெரும்பாலும் வலது சக்கர பேரிங் போயிருக்கும். திருப்பத்தில் பாரம் எதிர்ப்பக்கச் சக்கரத்தில் விழுவதுதான் காரணம்.

2. ஓடி நின்றதும் ஒரு ஹப் மட்டும் அதிகமாகச் சுடும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் இப்படிச் சுடும். அதனால் இரண்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

3. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஜாக்கியில் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். 'லொடக் லொடக்' என்று ஆடினால், ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் கோளாறு பேரிங்கில். நிற்காவிட்டால் கிங்பின் போன்ற வேறு இடத்தில். இந்த ஒரு சோதனையே தேவையில்லாத செலவைத் தடுக்கும்.

சத்தம்தானே என்று விட்டுவிடக் கூடாது. பேரிங் உடைந்தால் சக்கரம் இறுகிப் போகலாம், கழன்றும் போகலாம். கொண்டை ஊசி வளைவில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்படி மாற்றுகிறார்கள்?

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தக் கூடாது. ஆக்சிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் தண்டோடு ஹப்பை இணைக்கும் மூடித் தட்டையும் கழற்றினால் உள்ளே இரண்டு நட்டு தெரியும். அவற்றுக்கு நடுவே லாக் வாஷர் இருக்கும். அதன் மடிப்பை நிமிர்த்தி நட்டுகளைக் கழற்றினால் ஹப் வெளியே வரும். டிஸ்க் பிரேக் வண்டியானால் முதலில் காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பிரேக் குழாயில் தொங்கவிடக் கூடாது.

பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பார்த்தால் குழி விழுந்ததும், சூட்டில் நீலம் பாய்ந்ததும் கண்ணுக்கே தெரியும். கோனை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கப்பை விட்டுவைக்கக் கூடாது. இரண்டும் ஜோடி. புது கப்பைச் சுற்றிலும் சமமாகத் தட்டி, அடி வரை இறக்க வேண்டும்.

புது பேரிங்கின் மேலே கிரீஸைப் பூசினால் மட்டும் போதாது. உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்த அழுத்த, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வர வேண்டும். வீல் பேரிங்குக்கான கிரீஸையே போடணும். பழையதோடு கலக்கக் கூடாது. சீல் எப்போதும் புதுசுதான். பிரேக் ஷூவில் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது, ஜாக்கிரதை.

கடைசி வேலைதான் முக்கியமானது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, பேரிங் சரியாக உட்கார்ந்த பிறகு கொஞ்சம் தளர்த்த வேண்டும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டிப் புத்தகத்தில் இருக்கும். ரொம்ப இறுக்கினால் புது பேரிங்கே சூடாகிக் கருகிவிடும். தளர்வாக விட்டால் சக்கரம் ஆடும். கையால் சுற்றினால் தடையில்லாமல் சுற்றணும், ஆட்டம் இருக்கக் கூடாது. அதன் பிறகு லாக் வாஷரை வைத்து, வெளி நட்டை இறுக்கி, மடிப்பை மடக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

* பழைய பேரிங்கைக் கையில் கேட்டு வாங்குங்கள். அதில் பொறித்துள்ள எண்ணும் புதுசின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.
* பில் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். விலை குறைவான போலிச் சரக்கு சீக்கிரம் தேய்ந்து, இரண்டு மடங்கு கூலி வைக்கும்.
* மாற்றிய தேதி, கிலோமீட்டர், செலவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.
* சில நாள் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். சக்கரம் ஆடுதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.
* ஆழமான தண்ணீரில் வண்டி இறங்கியிருந்தால், ஹப்பைத் திறந்து கிரீஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.
* ஒவ்வொரு டிரிப் வருமானத்திலும் ஒரு சிறு தொகையைப் பராமரிப்புக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். ரிப்பேர் வரும்போது வட்டிக்கு அலைய வேண்டாம்.

உங்கள் குழுவில் வண்டிக் கடன் இருந்தால், அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துப் பேசுங்கள். கூட்டம் முடிந்ததும் டிரைவரைக் கூப்பிட்டு, ஜாக்கி போட்டுச் சக்கரத்தை நாமே ஆட்டிப் பார்ப்போம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்!