காய்ச்சலில் பெரியவர் பிதற்றுவது ஏன்?

நேற்றுவரை வீட்டுக் கணக்கைப் பிசகாமல் சொல்லிவந்த எண்பது வயதுப் பெரியவர், சிறுநீர்த் தொற்றுக்காகச் சேர்க்கப்பட்ட இரவில் மகளைப் பார்த்து யாரென்று கேட்கிறார். கையிலுள்ள டிரிப்ஸ் குழாயைப் பிடுங்க முயல்கிறார். தொற்று இருப்பது சிறுநீர்ப்பையில், குழம்புவதோ மூளை.

இவ்விரண்டுக்கும் இடையே தூது செல்பவை சைட்டோகைன்கள் என்னும் சிறு புரதங்கள். கிருமியோடு பொருதும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்றவற்றை இரத்தத்தில் விடுகின்றன. மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் அரணாக நின்றாலும், அரண் தளர்ந்த சில இடங்களின் வழியாகவும் வேகஸ் நரம்பின் வழியாகவும் செய்தி உள்ளே எட்டிவிடுகிறது.

அங்கே அதனை ஏற்பவை மைக்ரோகிளியா என்னும் மூளைக்கே உரிய எதிர்ப்பணுக்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்டேகா இவற்றை 1919-இல் தனிவகையாக இனங்கண்டார். இயல்பான காலத்தில் இவை மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் துழாவியவாறே இருக்கும். செய்தி வந்ததும் கிளைகளைச் சுருக்கிப் பருத்து, தாமும் சைட்டோகைன்களைச் சுரக்கும். காய்ச்சலின்போது பசி குன்றுவதும், யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுப்பதும் பெரிதும் இவற்றின் விளைவே. உடலை ஓய்வில் இருத்தும் ஏற்பாடு அது.

முதுமையிலும் மறதிநோயிலும் இவ்வணுக்கள் முன்னரே பாதி விழித்த நிலையில் இருப்பதால், சிறு தொற்றுக்கும் மிகையாகக் கிளர்ந்தெழுகின்றன. நரம்பணுக்களின் உரையாடல் குலைகிறது. மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்பர். ஜன்னி என்று நம் வீடுகளில் சொல்வதும் பெரும்பாலும் இதனையே. நீர்க்குறைவு, வலி, உறக்கமின்மை, சில மருந்துகள் ஆகியனவும் இதற்குத் துணைபோகும்.

எல்லோரும் கூச்சலிடுவதில்லை. சிலர் வழக்கத்துக்கு மாறாக ஒடுங்கி, உறங்கிக்கொண்டே இருப்பர். ‘நன்றாகத் தூங்குகிறார்’ என்று நாம் ஆறுதல் கொள்ளும் அவ்வேளையில்தான் நோய் கவனத்துக்குத் தப்புகிறது. காலையில் தெளிந்து மாலையில் குழம்புவதும் உண்டு. மருத்துவர் வரும் நேரத்தில் தெளிவாக இருந்துவிடுவார். ஆகவே அவருடைய இயல்பை அறிந்த நீங்கள், மாற்றத்தைக் கண்டவுடன் செவிலியரிடம் சொல்லுங்கள்.

கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவியுங்கள். பகலில் வெளிச்சமும் இரவில் அமைதியும் இருக்கட்டும். நீங்களாகத் தூக்க மாத்திரை தர வேண்டாம். அவர் சொல்வதை மறுத்து வாதிடாமல், உங்கள் பெயரையும் இருக்குமிடத்தையும் மெல்லச் சொல்லுங்கள்.

தொற்று தணிந்தபின் பலர் சில நாட்களில் தெளிவர். சிலருக்கு வாரங்கள் ஆகும். அந்த இரவில் அவர் சொன்ன கடுஞ்சொற்களைப் பின்னர் நினைவூட்ட வேண்டாம். சிலருக்கு அவை நினைவிலேயே இரா. நினைவிருப்போர் அவற்றுக்காக ஏற்கெனவே வருந்திக்கொண்டிருப்பர்.