நடுவர் இருக்கையும் சிறைக்கூடமும்: மார்ஜரி ஃப்ரையின் வாழ்வும் கருத்தும்

குற்றம் ஆராய்ந்து தண்டம் விதிப்பவர் ஒருவர். அத்தண்டம் நிகழும் சிறையைக் காப்பவர் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடையே தொலைவு மிகுந்தால், தாம் விதித்த தண்டம் என்ன பயன் விளைத்தது என்பதை நடுவர் அறியார். அத்தொலைவைக் குறைக்க முயன்றவருள் இங்கிலாந்து நாட்டு மார்ஜரி ஃப்ரை (1874-1958) குறிப்பிடத்தக்கவர். அவர்தம் வாழ்வினை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம். நியூகேட் சிறையில் தொண்டாற்றிய எலிசபெத் ஃப்ரை (1780-1845) வேறு, இவர் வேறு. பெயரும் குவேக்கர் நெறியும் தொண்டும் ஒத்திருத்தலின் மயக்கம் நேர்தல் கூடும். இவர் அவர்தம் வழித்தோன்றல் அல்லர்.

இவர்தம் தந்தையார் எட்வர்டு ஃப்ரை, மேல்முறையீட்டு மன்ற நீதிபதி. தமையனார் ரோஜர் ஃப்ரை, புகழ்பெற்ற ஓவியத் திறனாய்வாளர். 1894இல் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரியிற் சேர்ந்து கணிதம் பயின்றார். அந்நாளில் அப்பல்கலைக்கழகம் மகளிர்க்குப் பட்டம் வழங்கவில்லை. 1920இலேயே வழங்கத் தொடங்கிற்று. பின்னர்ச் சாமர்வில்லில் நூலகராகவும், பர்மிங்காம் பல்கலைக்கழக மகளிர் விடுதியின் காப்பாளராகவும் பணிபுரிந்தார். முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டின் மார்ன் பகுதியில், வீடிழந்த மக்கட்குக் குவேக்கர் குழுவினருடன் உதவினார்.

1918இல் தண்டச் சீர்திருத்தச் சங்கத்தின் செயலாளர் ஆனார். 1921இல் அச்சங்கம் 1866ஆம் ஆண்டிற் பிறந்த ஹோவார்டு கழகத்தோடு இணைந்து ஹோவார்டு சங்கம் ஆயிற்று. 1926 வரை அதன் செயலாளரும் இவரே. பால் வேற்றுமை பற்றிப் பதவி மறுத்தலை நீக்கிய சட்டம் 1919இல் நிறைவேறியமையால் மகளிர் குற்றவியல் நடுவராகும் வழி திறந்தது. அவ்வழி வந்த முதல் மகளிர் நடுவருள் ஒருவராய் 1921இல் இவர் அமர்ந்தார். அடுத்த ஆண்டே, இலண்டனில் மகளிர்க்கென இருந்த ஹாலோவே சிறையின் முதற் கல்வி அறிவுரையாளர் ஆனார். தண்டம் விதிக்கும் இருக்கையும் தண்டம் நுகரப்படும் அறையும் இவ்வாறு ஒருவரது அறிவிலேயே ஒருங்கு கூடின.

இக்கூட்டத்தின் பயன் யாது? இங்கிலாந்தின் குற்றவியல் நடுவர் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர். சட்டம் கற்றவரும் அல்லர். ஆயினும், சிறு குற்றங்கட்குச் சிறைவாசம் விதிக்கும் அதிகாரம் அவர்பால் இருந்தது. சில நாட்சிறை ஒருவனைத் திருத்தப் போதாது. அவன் தொழிலை இழக்கச் செய்யவோ அதுவே போதும். ஆகலின், 1907ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த நன்னடத்தைக் கண்காணிப்பு முறையை விரிவாக்குக எனச் சீர்திருத்தத்தார் வற்புறுத்தினர். மரண தண்டனை ஒழிப்புக்கும் ஃப்ரை அயராது உழைத்தார். பிரித்தானியாவிற் கொலைக்குரிய அத்தண்டனை, அவர் மறைந்த பின்னரே, 1965இல் நிறுத்தப்பெற்றது.

குற்றவாளிக்கு இரங்குவோர் குற்றத்தால் நலிந்தோரை மறந்தனர் என்பார் உளர். இக்கூற்று ஃப்ரைக்குப் பொருந்தாது. 1951இல் அவர் வெளியிட்ட நூலின் ஆங்கிலப் பெயர் 'சட்டத்தின் கைகள்' எனவும் 'சட்டத்தின் படைக்கலங்கள்' எனவும் இருபொருள் படுவது. ஓங்கும் கையைப் பற்றி எழுதிய அவர், தாங்கும் கையையும் மறந்திலர். 1957இல் 'அப்சர்வர்' இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு வழக்கினைக் காட்டினார். தாக்குண்டு கண்ணிழந்த ஒருவர்க்கு 11,500 பவுன் இழப்பீடு விதிக்கப்பட்டது. தாக்கிய இருவரும் வாரந்தோறும் தலைக்கு 5 ஷில்லிங் செலுத்தவேண்டும். முழுத்தொகையும் பெற அவர் இன்னும் 442 ஆண்டுகள் வாழ்தல் வேண்டும்! ஆதலின், தொழிலிடத்து ஊறுபட்டோரைக் காப்பீட்டால் தாங்குதல் போலவே, குற்றத்தால் ஊறுபட்டோரையும் சமுதாயமே தாங்குதல் முறை என்றார்.

அவர் 1958இல் மறைந்தார். நியூசிலாந்து 1963இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. பிரித்தானியா 1964இல் இழப்பீட்டுத் திட்டம் வகுத்தது.

சிறைப்பட்டோர்பால் இரக்கமும் ஊறுபட்டோர்பால் இரக்கமும் தம்முள் முரணுவன அல்ல என்பதே இவ்வாழ்வு காட்டும் உண்மை என யாம் கருதுகின்றோம். விதித்த தீர்ப்பு யாரிடத்து என்ன விளைத்தது எனத் தொடர்ந்து சென்று காண்பதே இரண்டிற்கும் வேர். தீர்ப்புரைத்த அளவில் நடுவர் கடமை முடிந்துவிடுவதன்று என்பது இதனாற் பெறப்படும்.