ஏரிக்கரை உடைவது ஏன்? சிறு விவசாயிகள் அறிய வேண்டியவை

திருவள்ளூர் மாவட்டத்தில் வேப்பம்பட்டு, திருநின்றவூர், செவ்வாப்பேட்டை வட்டாரங்களில் இன்னும் பயிர் செய்துவரும் சிறு விவசாயிகளுக்கு ஏரிப் பாசனம் பெரிய துணை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பினால் நவரைப் பட்டத்துக்குக் கவலை இல்லை. ஆனால், ஏரி நிரம்பும் அந்த நாட்களில்தான் கரைக்கும் ஆபத்து. மண்கரை எவ்வாறு உடைகிறது என்பதைப் பழைய அணை உடைப்புகளிலிருந்து தெரிந்துகொள்வது நலம்.

குடகனாறும் மச்சுவும்

வேடசந்தூர் அருகே அழகாபுரியில் உள்ள குடகனாறு அணை மண் அணையாகும். ஆற்றுப் படுகைக்கு மேல் அதன் உயரம் 11.45 மீட்டர். பெருவெள்ள மட்டத்துக்கும் மேலே 2.5 மீட்டர் உயர்த்தியே கரை கட்டப்பட்டிருந்தது. 1977-ல் பெருவெள்ளம் வந்த சமயத்தில் மின்சாரம் தடைப்பட்டது. 5 ஷட்டர்களையும் ஓரளவே தூக்க முடிந்தது. ஜெனரேட்டரை இயக்கியும், ஷட்டர்களைக் கையால் தூக்க முயன்றும் பயனில்லை. தண்ணீர் கரைமேல் ஏறி, மறுபுறச் சரிவில் அருவிபோல் விழுந்து மண்ணை அரித்தது. 20 மீட்டர் முதல் 200 மீட்டர் நீளம் வரை பல இடங்களில் உடைப்பு ஏற்பட்டது.

1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணைக்கும் இதே கதி நேர்ந்தது. கணக்கிட்டதைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்தது. நடுவிலிருந்த கட்டுமானம் நின்றது. இருபுற மண்கரைகளும் அடித்துச் செல்லப்பட்டன. கீழேயிருந்த மோர்பி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

மண்கரை தன்மீது சாய்ந்து நிற்கும் தண்ணீரைத் தாங்கும். தன்மேல் வழிந்தோடும் தண்ணீரைத் தாங்காது. மிகுதி நீர் கரைமேல் ஏறுமுன் வெளியேற வேண்டும். ஏரியில் அந்த வேலையைச் செய்வது கலங்கல்.

மீனுக்கு வைத்த தடுப்பு

அமெரிக்காவில் ஜான்ஸ்டவுன் நகரை 1889 மே 31 அன்று அழித்த வெள்ளம் பற்றி, சார்லஸ் குகன்ஹைம் 1989-ல் ஒரு வரலாற்று ஆவணப்படம் எடுத்தார். அது ஆஸ்கார் பரிசு பெற்றது. அந்த வெள்ளத்தில் இறந்தவர்கள் 2,209 பேர். நகருக்கு மேலே சுமார் 14 மைல் தொலைவில் இருந்த சவுத் ஃபோர்க் மண் அணை உடைந்ததே காரணம்.

அந்த அணையில் மூன்று குறைகள் இருந்தன. அடியில் நீரை வெளியேற்றும் இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் எடுத்துவிட்டார்; பிறகு எவரும் அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. அணையை வாங்கிய மீன்பிடி சங்கத்தார், வண்டிகள் போவதற்காகக் கரையின் மேல்மட்டத்தைத் தாழ்த்தினர். மீன் வெளியேறாமல் இருக்க நீர்ப்போக்கியில் கம்பித் தடுப்பு வைத்தனர். மழை நாளில் அதில் குப்பை கூளம் அடைத்துக்கொண்டது.

இம்மூன்று தவறுகளையும் நம் ஊர் ஏரிகளிலும் காணலாம். மதகுகள் பழுதாகிக் கிடக்கின்றன. கரையில் வண்டி ஓடித் தேய்ந்த இடம் பள்ளமாகிறது. மீன் குத்தகைக்காகக் கலங்கலில் வலையும் தட்டியும் கட்டப்படுகின்றன. நவரைக்கு அதிக நீர் தேக்கும் ஆசையில் கலங்கல்மேல் மண் மூட்டை அடுக்குவதும் உண்டு. அரை அடி நீருக்கு ஆசைப்பட்டு ஏரி முழுவதையும் இழக்கக்கூடாது.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. கலங்கலையும் அதன் கீழுள்ள போக்குக்கால்வாயையும் சுத்தம் செய்து வைக்க வேண்டும். முன்பு ஆயக்கட்டாக இருந்த நிலங்களில் இன்று வீடுகள் வந்துவிட்டன. கால்வாய் அடைபட்டால் அங்கும் நீர் புகும்.

2. கரையின் தாழ்ந்த பகுதிகளில் நல்ல மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும்.

3. எலி வளை, நண்டு வளைகளைத் தோண்டிப் பார்த்துக் களிமண்ணால் இடித்து மூட வேண்டும்.

4. மதகைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். பழுது இருப்பின் நீர்வளத் துறைக்கோ, ஊராட்சி ஒன்றியத்துக்கோ எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

கசிவு கண்டால்

மழை நாட்களில் இரவும் பகலும் முறை வைத்துக் கரையைச் சுற்றிவர வேண்டும். கரையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்து வரலாம். கலங்கலாக வந்தால் கரையின் உள்மண் கரைந்து வருகிறது என்று பொருள். உடனே அதிகாரிகளுக்கும் தாழ்வான பகுதி மக்களுக்கும் சொல்லிவிட வேண்டும். அந்த ஊற்றுவாயைக் களிமண்ணால் அடைக்கக்கூடாது. அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, உள்ளே மணலும் அதன்மேல் ஜல்லியும் பரப்பினால் நீர் வடியும், மண் தங்கும்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளின்படி 10 முதல் 15 மீட்டர் வரையுள்ள அணைகளுக்குமே பொருந்தும். தாழ்ந்த ஊர் ஏரிக்கரைகள் அதில் அடங்கா. ஆகவே ஆயக்கட்டு விவசாயிகள் புரட்டாசிக்குள் ஒன்றுகூடி, முதல் வேலையாகக் கலங்கலைப் போய்ப் பார்ப்பது நல்லது.